தாடி வைத்த ஈ

“ஏங்க, என் தாடி எதுக்குக் குண்டு ஈ மூஞ்சியில இருக்கு?”

காலை ஏழு மணி. அருங்காட்சியகத்தின் பூச்சிக் கூடத்தில் ஏணி மேல் நின்றபடி கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டிருந்த கோந்துவுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கவில்லை. மனைவிக்குக் காட்டலாம் என்று இப்போதுதான் ஆசையாக ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

“எந்தத் தாடி?”

“மூணு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு முடியா நட்டேனே, அந்தத் தாடி. நம்ம வீட்டுல வேற எத்தனை தாடி இருக்கு?”

“அது ஈ மேலதானே இருக்கு.”

“எந்த ஈ மேல? ஒல்லி ஈக்குத் தாடின்னு சொல்லித்தானே வாங்கிட்டுப் போனீங்க. இப்ப குதிரை மேல உட்கார்ந்திருக்கிற குண்டனுக்கு ஒட்டி வச்சிருக்கீங்க.”

கோந்து ஏணியில் மெல்லத் திரும்பினார். எதிர்ச் சுவரில், ஒரு சோபா அளவுக்கு அகலமான ஈ ஒன்று, பாதி உடல் மட்டும் செய்து வைத்த குதிரையின் முதுகில் ஆறு காலையும் ஊன்றி, அடர்ந்த தாடியோடு அவரைப் பார்த்தது. இந்தப் பக்கம் மரக்கிளையில் இருந்த ஒல்லி ஈ, மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு ஒரு தேனீயைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நீ போனை வை,” என்றார் கோந்து.

அவருக்கு வேறு பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் பேனாவும் கையோடு வந்துவிடும். கைகுலுக்கியவர்கள் பிரிய நேரமாகும். மாதிரிகள் செய்கிறவருக்கு விரலில் பசை இல்லாத நாள் ஏது. ஆகவே காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் கோந்து.

இந்த இரண்டு ஈக்களும் இயக்குநரின் யோசனை. ஒரே கூடத்தில், எதிரெதிரே, இரண்டு விதமாகப் பிழைக்கும் இரண்டு ஈக்கள். பார்க்கிறவர்கள் நடுவில் நின்று இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

ஒல்லியாக இருப்பது வேட்டை ஈ. அது ஒரு கிளை நுனியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தேனீயோ குளவியோ பறந்து போனால் பாய்ந்து போய் நடுவானில் பிடிக்கும். பிடித்த வேகத்தில் குத்தி, தன் எச்சிலை உள்ளே செலுத்தும். அந்த எச்சில் முதலில் இரையை அசையவிடாமல் செய்யும். பிறகு அதன் உள்ளிருப்பதையெல்லாம் கூழாகக் கரைக்கும். வேட்டை ஈ பழைய கிளைக்கே திரும்பி வந்து, உறிஞ்சுகுழலில் சாறு குடிப்பதுபோல நிதானமாகக் குடித்து முடித்து, வெறும் ஓட்டைக் கீழே போடும்.

குண்டாக இருப்பது குதிரை ஈ. அது யாரையும் கொல்லாது. அதன் வாயில் சின்னக் கத்திகள் இருக்கின்றன. குதிரையின் தோலை அவற்றால் கீறி, ஊறி வரும் இரத்தத்தை ஒற்றி ஒற்றிக் குடிக்கும். அதுவும் பெண் மட்டும்தான், முட்டைக்காக. ஆண் ஒரு வம்புக்கும் போகாமல் பூக்களில் தேன் குடித்துக்கொண்டு திரியும்.

தாடி எதற்கு என்றால், அதுவும் தொழிலையொட்டியதுதான். பிடிபட்ட தேனீ சும்மா இருக்குமா? காலை உதைக்கும், கொடுக்கை வீசும். அது கண்ணில் படாமலிருக்க வேட்டை ஈயின் முகத்தில் விறைப்பான முடிகள் ஒரு கேடயம்போல வளர்ந்திருக்கின்றன. குதிரை ஈக்கு அந்தத் தேவை இல்லை. எந்தக் குதிரையும் திரும்பி வந்து ஈயின் முகத்தில் பிறாண்டியதில்லை.

ஆக, தாடி இடம் மாறினால் எல்லாமே மாறியது என்று பொருள். இது எப்படி நடந்தது என்று ஏணியில் நின்றபடியே யோசித்தார் கோந்து. அரை நிமிடத்தில் பிடிபட்டது. தலைகளைச் செய்து முடித்த வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண் போட்டார்; வேட்டை ஈயின் தலை முதலில் முடிந்தது. உடல்களைத் தொங்கவிட்ட வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். குதிரை ஈயின் உடல் முதலில் ஏறியது. நேற்று மாலை ஒன்றோடு ஒன்றையும் இரண்டோடு இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டு, கச்சிதமாக முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

தாடி மட்டும் இல்லை, முழுத் தலையே மாறியிருக்கிறது.

திறப்பு விழா பதினொரு மணிக்கு. இயக்குநரிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் அதற்கு நடுவில் ஒரு சிலந்தி நின்றது.

போன வருடம் கோந்து ஒரு சிலந்தி செய்தார். அருமையான சிலந்தி. பூச்சி என்றால் ஆறு கால் என்று பழகிய கை, அதற்கும் ஆறு கால் வைத்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாரம் கூட்டம் கூட்டமாக வந்து எண்ணிவிட்டுப் போனார்கள். இயக்குநர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. “எட்டுக்கால் பூச்சின்னு பேர்லயே எழுதியிருக்கேப்பா,” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு இன்னும் மெதுவாக, “இனி ஒரு தப்பு வந்தா நீ வேற இடம் பார்த்துக்கோ,” என்றார்.

கோந்து ஒன்பது வருடமாகத் தற்காலிகப் பணியாளர். இன்றைக்கு வருகிற அதிகாரி கூடத்தைத் திறந்து வைத்து, மனம் நிறைந்தால், இங்கேயே அவருடைய பணி நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போடுவார். மனம் நிறையாவிட்டால் அடுத்த ஒன்பது வருடம் பற்றிப் பேச்சே இல்லை.

நான்கு மணி நேரம் இருக்கிறது. தலைகளை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்த சின்ன விளக்கப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தார். முதல் இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே ‘ஒற்றுமைகள்’ என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது. அதைப் பிரித்தால் கிழியும். ஒற்றுமையில் யாருக்குச் சண்டை? நேராக ‘வேற்றுமைகள்’ பக்கத்துக்குப் போனார். அந்தப் பக்கத்தை அவர் இந்த இரண்டு மாதத்தில் நூறு தடவை படித்திருப்பார். வேட்டை ஈ: கண்களுக்கு நடுவே பள்ளம், முகத்தில் தாடி, மெல்லிய கழுத்து, நீண்டு குறுகும் வயிறு. குதிரை ஈ: கண்களில் வண்ணப் பட்டைகள், தாடி இல்லை, தலை தோளோடு ஒட்டியிருக்கும், தட்டையான அகல வயிறு. பக்கத்துக்கு ஒரு படம். இரண்டும் சிறகை மடக்கி உட்கார்ந்திருக்கையில் பக்கவாட்டில் எடுத்தது.

ரம்பத்தை எடுத்தார். அவருடைய பசை அப்படிப்பட்டது. ஒட்டினதை ரம்பம்தான் பிரிக்கும்.

குதிரை ஈயின் கழுத்தில் பாதி அறுத்திருப்பார். கீழே வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

“என்ன தம்பி, காலங்காத்தால கழுத்தறுப்பு?”

கூடம் பெருக்கித் துடைக்கிற அக்கா. ஒரு கையில் துடைப்பம், இடுப்பில் செருகிய பிளாஸ்டிக் ஈ மட்டை. இந்தக் கட்டடத்தில் இயக்குநருக்கும் முன்னால் வந்தவர்.

“தலை மாறிப் போச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“எனக்கென்ன வந்துச்சு. மனுஷங்களுக்கே தலை சரியா மாட்டலை இங்க.” அக்கா இடுப்பில் கை வைத்து இரண்டு ஈக்களையும் அண்ணாந்து பார்த்தார். “ஆனா இதுங்களைப் பார்த்தா எனக்கு நேத்திலேருந்தே ஏதோ உறுத்துது தம்பி. என்னன்னு சொல்லத் தெரியலை.”

“தாடிதான்க்கா. அதைத்தான் மாத்திட்டிருக்கேன்.”

“தாடியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அக்கா துடைக்கத் தொடங்கினார்.

முதல் பாதி வேலை ஆச்சரியமாக நடந்தது. குதிரை ஈயின் அகலத் தலை, அதன் சொந்த உடலில் மூடி போட்டதுபோல உட்கார்ந்தது. வண்ணப் பட்டை போட்ட கண்கள் வெளிச்சத்தில் மின்னின. கோந்து இறங்கி நின்று பார்த்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

இரண்டாம் பாதியில்தான் வந்தது வினை. நேற்று வேட்டை ஈயின் மெல்லிய கழுத்துக்குள் தடித்த தலைக்கம்பி நுழையவில்லை என்று துளையைக் குடைந்து பெரிதாக்கியிருந்தார். ‘ஏன் நுழையவில்லை’ என்று அப்போது ஒரு கணம் யோசித்திருந்தால் இன்றைக்கு இந்த ஏணி தேவைப்பட்டிருக்காது. இப்போது சரியான தலையின் மெல்லிய கம்பி அந்தத் துளைக்குள் சட்டிக்குள் கரண்டிபோல ஆடியது. தாடி வைத்த தலை, மின்விசிறிக் காற்று படும்போதெல்லாம், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

துளை நிறையப் பசையை ஊற்றினார். பசை காய ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை ஆடக்கூடாதே என்று மின்விசிறியை நிறுத்தினார். விசிறி நின்றதும் கூடம் புழுங்கியது. புழுக்கத்தின் ஈரத்தில் பசை இறுகாமல், வேட்டை ஈயின் மார்பு வழியாக ஒழுகி, அது பிடித்திருந்த தேனீயின் மேல் சொட்டியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கோந்து அசையாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சாதாரண வீட்டு ஈ ஜன்னல் வழியாக வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது.

ஊதினார். பறந்தது. நெற்றியில் உட்கார்ந்தது. தலையை உதறினார். அவர் தலையோடு சேர்ந்து பெரிய ஈயின் தலையும் ஆடியது. வீட்டு ஈ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவர் கண்ணுக்கு நேரே, அரை சாண் தூரத்தில், வேட்டை ஈயின் முதுகில் இறங்கி, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு, தன் சிறகைச் சாவகாசமாகத் துடைத்துக் காட்டியது.

“அக்கா, இந்தச் சனியனை அடிங்க.”

“எதை? நீங்க பிடிச்சிட்டிருக்கிறதையா?”

“சின்னதை.”

அக்கா மட்டையோடு வருவதற்குள் அது போய்விட்டது. கைப்பேசி அடித்தது. அக்காதான் எடுத்து அவர் காதில் வைத்தார். இயக்குநரின் மெதுவான குரல்.

“அதிகாரி சீக்கிரம் வர்றாராம்பா. பதினொன்னு இல்லை, பத்து. எல்லாம் தயார்தானே?”

“தயார் சார்.”

“கால் எண்ணிட்டியா?”

“ஆறு சார். ரெண்டுக்கும் ஆறு.”

“நானும் வந்து எண்ணுறேன்.”

மணி எட்டே முக்கால். கோந்து அக்காவிடம் மனைவியைக் கூப்பிடச் சொன்னார்.

அவர் மனைவி பொய்முடி கட்டுகிறவர். நாடகக்காரர்களுக்கும் முடி கொட்டியவர்களுக்கும் வீட்டிலேயே செய்து கொடுப்பார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பத்து நிமிடத்தில் முடி உலர்த்தும் கருவியும் கத்தரி, குறடு வைத்த பையுமாக வந்து நின்றவர், ஒழுகும் பசையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தாடியில பசை படலையே?”

“இன்னும் படலை. நீ அந்தக் காத்தைக் கொண்டா.”

சூடான காற்றில் பசை சீக்கிரம் இறுகும் என்பது சரிதான். அதில் கோந்துவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கருவியைக் கழுத்துக்கு நேரே காட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டு ஈ மறுபடியும் வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தது. ஊதுவதற்காக அவர் முகத்தைத் திருப்பினார். கையும் திரும்பியது.

முதலில் வாசனைதான் வந்தது.

“ஏங்க, என்னமோ கருகுது.”

கருகியது தாடி. வேட்டை ஈயின் முகத்தில் இடப்பக்கம் முழுக்கச் சுருண்டு, கரிந்து, உதிர்ந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் மட்டும் கம்பீரமாக இருந்தது.

கோந்துவின் மனைவி கருவியின் மின்கம்பியை வெடுக்கென்று பிடுங்கினார். அது நல்ல அறிகுறி இல்லை என்று கோந்துவுக்கு இருபது வருட அனுபவத்தில் தெரியும். ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் நீளமான, மெல்லிய, பட்டுப்போன்ற முடி.

“இது ஆகாது. நட்டா தொங்கும். ஈ சாமியார் மாதிரி இருக்கும். விறைப்பா, கட்டையா, கறுப்பா வேணும்.”

“போன தடவை எதுல செஞ்சே?”

“அதுக்கு ஆர்டர் போட்டு வாங்குனேன். வர எட்டு நாளாச்சு.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கணவரின் முகத்தை, குறிப்பாக மூக்குக்குக் கீழே, ஒரு தொழில்காரர் சரக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வேணாம்,” என்றார் கோந்து.

“விறைப்பா இருக்கு.”

“இருபது வருஷ மீசை. கல்யாணத்தன்னிக்கு வச்சது.”

“கட்டையாவும் இருக்கு.”

“வெளியில தலை காட்ட முடியாது.”

“வேட்டை ஈக்குத் தாடி கண்ணைக் காப்பாத்தத்தான் இருக்குன்னு எனக்கு ஒரு வாரம் பாடம் எடுத்தீங்களே. உங்க மீசை இதுவரைக்கும் எதைக் காப்பாத்துச்சு? இன்னிக்காவது உங்க வேலையைக் காப்பாத்தட்டும்.”

அக்கா துடைப்பத்தில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “குடுத்துடுங்க தம்பி. உங்களுக்குத் திரும்ப முளைக்கும். அதுக்கு முளைக்காது.”

ஏணியின் மூன்றாம் படியில் வைத்து மீசை எடுக்கப்பட்டது. இரண்டே நிமிடம். கோந்து கண்ணை மூடிக்கொண்டார்; கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. முடியை ஒரு காகிதத்தில் சேர்த்து, குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்து, பசையில் தொட்டு, ஈயின் கன்னத்தில் நட்டுக்கொண்டே போனார் மனைவி. அந்தக் கை போகிற வேகத்தைப் பார்த்தால் கோபமெல்லாம் தொழிலுக்குள் போய்விட்டது தெரிந்தது. கோந்து வெறும் உதட்டைத் தடவியபடி, தளர்ந்த கம்பிகளை இறுக்கினார்: முன்சிறகுகளுக்கு இரண்டு, பின்சிறகுகளுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று.

சிறகுகள்தான் இத்தனை கூத்திலும் அவருக்குத் தலைவலி தராத பாகம். முதன்முதலில் தேனீ செய்தபோது சிறகுக்கென்று ஓர் அச்சு செய்து வைத்தார். ஒரு தடவை வார்த்தால் நான்கு சிறகும் ஒன்றாக வந்துவிடும். தேனீ, குளவி, தும்பி என்று எல்லாவற்றுக்கும் அதே அச்சு. ஓரத்தை மட்டும் வெட்டி உருவம் மாற்றிக்கொள்வார். யாரும் இதுவரை அதில் ஒரு குறையும் சொன்னதில்லை.

“அந்தப் பொஸ்தகத்தைக் காட்டுங்க, தாடி எவ்வளவு அகலம்னு பார்க்கணும்,” என்றார் மனைவி. வாங்கியவர், ஒட்டியிருந்த பக்கங்களை நகத்தால் நெம்பினார். “இது என்ன, ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது?”

“அதை விடு. அது ஒற்றுமை. நமக்கு வேற்றுமைதான் பிரச்சினை. அடுத்த பக்கம் பாரு.”

அவர் அடுத்த பக்கம் பார்த்தார்.

ஒன்பது ஐம்பதுக்குக் கடைசி முடி ஏறியது. கோந்து ஏணியைத் தூக்கித் தூணுக்குப் பின்னால் ஒளித்தார். ரம்பத்தை அக்காவின் வாளிக்குள் போட்டார். மூன்று பேரும் கூடத்தின் நடுவில் நின்று பார்த்தார்கள். இடப்பக்கம் ஒல்லி உடல், பள்ளம் விழுந்த தலை, முறுக்கான தாடி. வலப்பக்கம் அகல உடல், பட்டைக் கண், தாடியில்லாத முகம். புத்தகத்தில் இருந்த வேற்றுமைகள் ஒன்று விடாமல் இருந்தன.

“இப்ப உறுத்துதாக்கா?” என்றார் கோந்து.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். “கொஞ்சம்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

இயக்குநர் பழைய பானைகளில் வல்லவர். உடைந்த ஓட்டைத் தடவியே எந்தக் காலத்துப் பானை என்று சொல்லிவிடுவார். பூச்சியைப் பொறுத்தவரை அது பானைக்குள் விழுந்தால்தான் அவர் கவனத்துக்கு வரும். அவர் நேராகக் குதிரை ஈயின் அடியில் போய் நின்று, விரலை நீட்டி, உதடு அசைய எண்ணினார். ஆறு. எதிர்ப்பக்கம் போய் எண்ணினார். ஆறு. சந்தேகத்துக்குத் தேனீயையும் எண்ணினார். அதற்கும் ஆறு. பிறகுதான் அவர் முகம் தளர்ந்தது.

“கோந்து எங்கே?” என்று கோந்துவைப் பார்த்தே கேட்டார்.

“நான்தான் சார்.”

இயக்குநர் உற்றுப் பார்த்தார். எதையோ எண்ண நினைத்து விட்டுவிட்டவர்போலத் தெரிந்தது. அதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

அதிகாரி பெரிய உருவம், சிரித்த முகம். கூடத்துக்குள் வந்ததும், “என்ன இப்படிப் புழுங்குது?” என்றார். யாரோ ஓடிப்போய் மின்விசிறியைப் போட்டார்கள். காற்று பட்டதும் வேட்டை ஈயின் தலை அசைந்தது. இடம் திரும்பியது. வலம் திரும்பியது. அதிகாரியைப் பார்த்து நின்றது.

அதிகாரி அப்படியே நின்றுவிட்டார்.

“இது இரை தேடுதா?”

மனைவிதான் முந்தினார். “ஆமாங்க. வேட்டை ஈக்குக் கழுத்து மெல்லிசு. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருக்கும். குதிரை ஈ பாருங்க, அசையலை. அதுக்கு இரை ஓடாதே. நின்ன இடத்துல நிக்கும்.”

“அடடா. மோட்டாரா?”

“காத்துங்க.”

அதிகாரி எட்டித் தாடியைத் தொட்டார். தாடி நின்றது. “நிஜ முடி மாதிரியே இருக்கே.”

“நிஜம்தாங்க,” என்றார் மனைவி. “இருபது வருஷத்துச் சரக்கு.”

அதிகாரி இங்கும் அங்கும் நான்கு தடவை நடந்தார். இதற்குக் கழுத்து, அதற்கு இல்லை. இதற்குத் தாடி, அதற்கு இல்லை. இது குத்தி உறிஞ்சும், அது கீறி ஒற்றும். கோந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பயம் போய்விட்டது, இரண்டு மாதம் கரைத்துக் குடித்த வேற்றுமைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஆண் குதிரை ஈ பாவம், பூ தேடிப் போய்விடும் என்று அவர் சொன்னபோது அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார்.

மூலையில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும். இயக்குநர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். கோந்து அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். அவருடைய வேறு பெயர், முழுப்பெயர், அதில் அச்சாகியிருந்தது.

“போன வருஷம் ஒரு சிலந்தி விஷயத்துல சின்னச் சறுக்கல்,” என்றார் இயக்குநர் மெதுவாக. “இந்தத் தடவை நானே எண்ணிட்டேன். ஒரு தப்பு கிடையாது.”

“ஒரு தப்பு கிடையாது,” என்று அதிகாரியும் சொன்னார். பேனா மூடியைத் திறந்தார்.

மனைவி கோந்துவின் கையைப் பிடித்தார். பசையில் கை ஒட்டிக்கொண்டது. இருவரும் எடுக்கவில்லை.

பேனா காகிதத்தைத் தொடப்போன நேரத்தில், காலை முழுக்கக் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த வீட்டு ஈ வந்து அதிகாரியின் பிஸ்கட்டில் உட்கார்ந்தது. அதிகாரி பேனாவைத் தூக்கினார். இயக்குநர் அக்காவைப் பார்த்தார்.

ஒரே அடி. மட்டை விழுந்த சத்தத்தில் தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. பிஸ்கட்டில் ஒரு சின்ன விரிசல்கூட இல்லை.

அக்கா ஈயைச் சிறகைப் பிடித்துத் தூக்கினார். குப்பையில் போடப் போனவர், ஏனோ நின்றார். கையிலிருந்ததை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து குதிரை மேல் இருந்ததைப் பார்த்தார். திரும்பிக் கிளை மேல் இருந்ததைப் பார்த்தார். நேற்றிலிருந்து முகத்தில் இருந்த சுருக்கம் மெல்ல விலகியது.

“இப்பத்தான் தம்பி பிடிபட்டுச்சு,” என்றார் அக்கா, நிம்மதியாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி. “தாடி மீசையெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா முப்பது வருஷமா ஈ அடிக்கிறேன், ஒரு ஈக்கும் ரெண்டு ரெக்கைக்கு மேல பார்த்ததில்லை, நீங்க ஏன் ரெண்டுக்கும் நாலு நாலு வச்சிருக்கீங்க?”